ஏணி பிடிக்கக் கேட்டது

மிளகு பறிக்க எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர், ஒற்றை மூங்கில் ஏணியில் பாதி ஏறியதும் அசையாமல் நின்றுவிட்டார். மேஸ்திரி அக்கா திட்டவில்லை; கீழிருந்து சொன்னார்:

“ஏனுங்க, எனக்கு இப்பவும் கால் நடுங்குமுங்க. ஒரு சத்தம் குடுங்க, வந்து புடிக்கிறேன்.”

அதன்பின் புதியவர் மரத்துக்கு மரம் கூப்பிட்டார். அக்காவும் ஓடினார். எனக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருடமாக நானும் நடுங்கிக்கொண்டேதான் ஏறுகிறேன். சொல்ல வெட்கம். என்னிடம் யாரும் இப்படிப் பேசியதும் இல்லை.

நான்காம் நாள் அக்காவிடம், “எனக்கும் புடிக்கோணுமுங்க,” என்றேன்.

“அட, நீங்களுமா! கொரங்காட்டம் ஏறுறீங்கன்னில்ல நெனச்சேன்,” என்று சிரித்தார். “இவரு எறங்கட்டும், வாரேனுங்க.”

அப்போதும் அவருக்குத்தான் முதலிடம் என்பது உறுத்தியது. ஆனாலும் ஏறாமல் காத்து நின்றேன்.