மஞ்சள் துணி கட்டிய வெள்ளைக் கோழிகள்

என் மகளுக்கு ஆறு வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்ற குழந்தைக் காசநோய் வந்தது. எழுபதுகளின் கடைசி. டவுன் டாக்டர் மருந்து எழுதிவிட்டு, தினம் ஒரு முட்டை தவறாமல் கொடுங்கள் என்றார். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் கோழி இல்லாத வீடு ஏது? நம்மிடம் ஐந்து இருக்கிறதே என்று நிம்மதியாக வீடு திரும்பினேன்.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும். பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். மூன்று வாரம் அடை, அப்புறம் குஞ்சுகளோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றல். அந்தச் சமயம் பார்த்து ஐந்தில் நான்கு சொல்லிவைத்தாற்போல் படுத்துக்கொண்டன. மகளோ எலும்பும் தோலுமாய் இருமிக்கொண்டிருந்தாள். கோழிகள் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வேங்கிக்காலில் என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் சீமைக்கோழி வளர்த்தார். போய்க் கேட்டோம். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு ஜாதி காட்டினார்.

"சிவப்பு எதையும் தாங்கும்மா. ஆனா எப்பனாச்சும் அடைக்கு உக்காந்துடும். வெள்ளை லெகார்னுக்கு அடைன்னா இன்னான்னே தெரியாது, முட்டை ஜாஸ்தி. வெயில்தான் ஆகாது. பருந்து கண்ணுலயும் சட்டுனு பட்டுடும்."

"சிவப்பையே வாங்கிக்கலாம்," என்றார் கணவர். "பாக்க நம்ம கோழி மாதிரியே இருக்குது. அம்மா ஒண்ணும் சொல்லாது."

அவருக்கு வீட்டில் சத்தம் வரக்கூடாது, எனக்கு முட்டை வரவேண்டும். இரண்டு வெள்ளைப் பெட்டைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாமியார் கூடையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடை காக்காத கோழி குடும்பத்துக்கு ஆகாதுடி. உனக்கு இருக்கறதே ஒண்ணு."

"அந்த ஒண்ணுக்காகத்தான் வாங்கியாந்தேன் அத்தை."

பருந்துக்காகக் கம்பி வலை அடித்தேன். வெயிலுக்கு மேலே வைக்கோல் பரப்பி, மதியம் தண்ணீர் தெளித்தேன். இரண்டும் மாறி மாறி முட்டையிட்டன. மகள் அவித்த முட்டையைப் பிட்டு, மஞ்சள் கருவை முதலில் தின்பாள்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடியில் வீட்டுக்கொரு கோழி முனீஸ்வரனுக்குப் போகும். முன்கூட்டியே காலில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் அது சாமி கோழி, அதன் முட்டையைக்கூட வீட்டில் யாரும் தொடக்கூடாது. கட்டியதை அவிழ்த்தவர் என்று ஊரில் ஒருவரும் கிடையாது.

ஒரு நாள் காலையில் வலையைத் திறந்தால், இரண்டு வெள்ளைக் கோழிகளின் காலிலும் மஞ்சள் துணி.

"சாமிக்கு நல்லதாத்தானே குடுக்கணும்," என்றார் மாமியார், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பயமில்லை என்று சொன்னால் பொய். மகள் உள்ளே இருமுவது கேட்டது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். இருந்த நாட்டுக்கோழிகளில் கொழுத்ததைப் பிடித்து அதன் காலில் கட்டினேன்.

"சாமிக்குக் கோழிதானே வேணும், இது போவட்டும். கோவம்னா முனீஸ்வரன் என்னைக் கேக்கட்டும். புள்ளை வாயில இருக்கறதைப் புடுங்கற சாமி இல்லை அது."

மாமியார் என்னிடம் பேச்சை நிறுத்தினார். தெருவில் யாருக்குத் தலைவலி வந்தாலும் நான் துணி அவிழ்த்ததுதான் காரணம் என்றார்கள். சித்திரை வெயிலில் ஒரு வெள்ளைக் கோழி செத்தபோது, பார்த்தாயா என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். பார்த்தேன். மறுவாரமே வேங்கிக்கால் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தேன், வெள்ளையாகவே. அதற்குள் மகளுக்கு இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

அடுத்த ஆடிக்கு மாமியார் மஞ்சள் துணியோடு கொல்லைக்கு வந்தார். கம்பி வலைப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"எந்தக் கோழிக்குக் கட்டறதுன்னு நீயே சொல்லு."