உடன்குடிக்குப் போன் போட்டால் பேசக்கூடாது

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் செல்வலட்சுமியைப் பற்றி இரண்டு செய்திகள் உலவின. ஒன்று, அவளுக்கும் உடன்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் இந்துமதிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்னொன்று, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்வலட்சுமி உடன்குடிக்குப் போன் போட்டால் லேசில் வைப்பதில்லை. கேட்டவர்கள் இதில் ஏதோ ஒன்று புளுகு என்று முடிவு கட்டினார்கள். இரண்டும் சத்தியம். அந்தத் தெருவில் வதந்தி அவ்வளவு சுத்தமாக இருப்பது அபூர்வம்.

கல்யாணத்துக்கு முன்னால் செல்வலட்சுமி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று மாலுமிகள் தங்கள் பெண்டாட்டிமாரிடம் பல பாஷைகளில் பொய் சொல்வதைக் கேட்டே பெரியவளானதால், டெலிபோன் மீது அவளுக்குப் பயமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. கட்டிக்கொண்ட இசக்கியப்பன் கப்பல் சாமான் கடைக்காரர். மிதவை வளையம், பித்தளை விளக்கு, மேஜைக் கரண்டி, ஒற்றைக்கால் பூட்ஸ் என்று கப்பல் கழித்துப்போட்டது எதுவும் அவர் கடையில் கிடைக்கும். கீழே கடை, மேலே வீடு. ஒரே லேண்ட்லைன், கீழே ஒரு ரிசீவர், மேலே ஒரு ரிசீவர்.

ஒரு தடவை வந்த சரக்கில் ஒன்றுபோல இரண்டு பழைய கேம் பெட்டிகள் இருந்தன. ஏதோ கப்பலின் சாப்பாட்டு அறையில் மாலுமிகள் ஆடித் தேய்த்தவை. பின்பக்கம் டிவிக்கு ஒரு ஒயர், போனுக்கு ஒரு ஒயர். "போனுக்கு எதுக்கு அண்ணாச்சி ஒயர்?" என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டதோடு போய்விட்டார்கள். செல்வலட்சுமி மட்டும் கேட்காமல் சொருகிப் பார்த்தாள். ஒரு பெட்டியைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைக் கருப்பட்டி வியாபாரி சுடலைக்கண்ணனின் மனைவியான இந்துமதிக்கு அனுப்பினாள். அவளும் போன் இருக்கும் வீட்டுக்காரிதான்.

விஷயம் எளிது. இந்தப் பெட்டி அந்த வீட்டு நம்பரைப் போடும், அந்தப் பெட்டி எடுக்கும். இரண்டும் கொஞ்ச நேரம் கீச்சுக்கீச்சென்று கத்திச் சண்டை போட்டுச் சமாதானமாகும். அப்புறம் தூத்துக்குடிக்காரியின் சிவப்புக் காரும் உடன்குடிக்காரியின் மஞ்சள் காரும் ஒரே ரோட்டில் ஓடும். நடுவில் இன்டர்நெட் கிடையாது, சாதாரண போன் கால்தான். ஒரே கட்டுப்பாடு, ஆட்டம் முடியும்வரை இரண்டு வீட்டிலும் யாரும் ரிசீவரைத் தூக்கக்கூடாது. தூக்கினால் அறுந்துவிடும்.

மகன் பாண்டித்துரை சிரித்தான். அவன் செல்போனில் முகம் தெரியாத நூறு பேரோடு சுட்டு விளையாடுகிறவன். "அம்மா, இது உங்க காலத்துப் பழசு" என்றான்.

"நீ யாரச் சுடுதன்னு ஒனக்குத் தெரியுமாலே? எனக்குத் தெரியும், யார முந்துதேன்னு" என்றாள் செல்வலட்சுமி.

அந்த ருசிதான் வினையானது. ஒருநாள் மஞ்சள் கார் எல்லைக் கோட்டை எட்டப்போகும் நேரத்தில் ஆட்டம் பட்டென்று அறுந்தது. அடுத்த நிமிஷம் இந்துமதி போனில் வந்தாள்.

"மதினி, தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ஒயரப் புடுங்கிட்டீங்கல்லா?"

"நான் எதுக்குளா புடுங்குதேன்? ஒனக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியல, ஒயர் மேல பழியப் போடுத!"

"இனிமே உங்ககூட எனக்குப் பேச்சே கெடையாது."

"எனக்கு மட்டும் இருக்காக்கும்!"

வைத்தார்கள். நாலைந்து நாள் போனது. செல்வலட்சுமிக்குக் கை அரித்தது. யோசித்துப் பார்த்தாள்: நம்பரைப் போடுவது பெட்டி, எடுப்பதும் பெட்டி. இதில் பேச்சு எங்கே வருகிறது? போட்டாள். அந்தப் பக்கமும் இதே சட்ட நுணுக்கத்தை ஆராய்ந்து வைத்திருந்ததுபோல, முதல் மணியிலேயே உடன்குடிப் பெட்டி எடுத்தது. அன்றிலிருந்து தினமும் ஆட்டம். துஷ்டி கேட்கப் போகும் சாவு வீட்டிலும் கோயில் கொடைத் திருவிழாவிலும் எதிரெதிராக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மதியம் டிவியில் இடித்துக்கொள்வார்கள். மஞ்சள் கார் நடு ரோட்டில் அசையாமல் நின்றால் உடன்குடியில் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிவப்புக் கார் பொறுமையாகப் பக்கத்தில் நிற்கும். பேசிக்கொண்டிருந்த காலத்தில்கூட ஒருத்தியை ஒருத்தி அவ்வளவு மதித்ததில்லை.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். பாண்டித்துரைக்குக் கல்யாணம் நிச்சயமானது.

இசக்கியப்பன் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார். இந்துமதி பத்திரிகையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணன் கொண்டு வந்தது சந்தோஷம். மதினி வாயத் தொறந்து 'வாளா'ன்னு சொல்லட்டும், வாரேன். இல்லன்னா மருமகன் என்னய மன்னிக்கட்டும்" என்று காபியை நீட்டினாள்.

செல்வலட்சுமி கேட்டுவிட்டு, "நான் ஒயரப் புடுங்கலன்னு அவ மொதல்ல சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இந்துமதி வராத கல்யாணம் என்ன கல்யாணம்? முகூர்த்தப் பட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்க யார் இருக்கிறார்கள்? சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பந்தியில் யார் காதில் கிசுகிசுப்பது? பையனின் ஒரே அத்தை. அவள் வந்தே ஆகவேண்டும். அவளை வரச்சொல்லி முதலில் வாய் திறக்கிறவள் மட்டும் தானாக இருக்கக்கூடாது.

நடுவில் அல்லாடிய இசக்கியப்பனுக்குத்தான் யோசனை உதித்தது. ஒரே ஒரு ரேஸ். தோற்றவள் முதலில் பேசவேண்டும். அவர் செல்போனில் தங்கச்சியிடம் சொல்லி, மாடிப்படி ஏறி மனைவியிடம் சொல்லி, இறங்கிவந்து மறுபடி தங்கச்சியிடம் சொல்லி, மூச்சு வாங்க ஒப்பந்தம் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்று செல்வலட்சுமி புதுச்சேலை கட்டினாள். பாண்டித்துரை சுவரோரம் உட்கார்ந்து, பழசு என்று சொன்னதை மறந்து நகத்தைக் கடித்தான். பெட்டிகள் கீச்சிட்டுச் சேர்ந்தன. மஞ்சள் கார் எடுத்த எடுப்பில் முந்தியது. சிவப்புக் கார் சுரங்கத்துக்குள் எட்டிப் பிடித்தது. அந்த ஆட்டத்தில் ஒரு கடற்கரை ரோடு வரும். உப்பளம் இல்லாததால் செல்வலட்சுமி அதைக் கடற்கரையாகவே மதிப்பதில்லை, அங்கே வேகத்தைக் குறைப்பதும் இல்லை. வளைவில் உள்பக்கமாக நுழைந்து மஞ்சளை ஓரங்கட்டினாள். எல்லைக் கோடு தெரிந்தது. இரண்டு காரும் கதவோடு கதவு உரசிக்கொண்டு போயின.

"மிதிம்மா! மிதி!" என்று பாண்டித்துரை கத்தினான்.

படம் உறைந்தது.

சிவப்பும் மஞ்சளும் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றன. செல்வலட்சுமிக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. பாய்ந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஏளா, ஒயரப் புடுங்கிட்டியா?"

"மதினி, மறுபடியும் புடுங்கிட்டீங்களா?"

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் மோதின. அப்புறம் அமைதி. அந்த அமைதியில் மூன்றாவதாக ஒரு மூச்சுச் சத்தம், ஆஸ்துமாக்காரர்போல.

"லைன்ல யாரு?" என்றாள் செல்வலட்சுமி, பழைய பூத்துக் குரலில்.

"நான்தான்" என்றார் இசக்கியப்பன், கீழே கடையிலிருந்து. "யாரு ஜெயிச்சதுன்னு கேக்கலாமேன்னு..."

"இதுல காதுல கேக்கதுக்கு என்னண்ணே இருக்கு? கார் என்ன பாட்டா பாடுது?" என்றாள் இந்துமதி.

"அப்படிக் கேளு இந்து! தூக்கக்கூடாது, தூக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்."

"சின்னப் புள்ளையிலயும் இப்படித்தான் மதினி. பொங்கப் பானையத் தொறந்து தொறந்து பாக்கும்."

"இங்கன மட்டும் என்னவாம்? ஏங்க, அன்னைக்கும் நீங்கதானா?"

இசக்கியப்பன் கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லி ரிசீவரை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு.

அவரைத் திட்டி முடித்தபோதுதான், தாங்கள் பேசிக்கொண்டிருப்பது இருவருக்கும் உறைத்தது.

"நீங்கதான் மதினி மொதல்ல பேசுனீங்க."

"நீதான்ளா. 'மதினி'ன்னு காதுல வுழுந்தப்பொறம்தான் நான் வாயத் தொறந்தேன்."

"நான் கூப்புடுறதுக்குள்ள 'ஏளா' வந்துட்டு."

"சரி, அதக் கல்யாணத்துக்கு வந்து நேர்ல பேசுவோம். நாலு நாள் முந்தியே வந்துரு. சேலையெல்லாம் பாக்கணும்லா."

உடன்குடியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஒரு வாரம் முந்தியே வாரேன். அந்தப் பச்சைப் பட்ட மட்டும் எடுத்துராதீங்க, உங்களுக்குச் சகிக்காது."

"நீ இன்னும் பாக்கவே இல்லியேளா!"

"பாக்காமலே தெரியும்."

பிறகு சம்பந்தி வீடு வந்தது, சமையல்காரர் வந்தார், சுடலைக்கண்ணனின் சர்க்கரை வந்தது. பாண்டித்துரை எழுந்து போய் ஊரைச் சுற்றிவிட்டு வந்தபோதும் அம்மா ரிசீவரோடுதான் இருந்தாள். கடைசியில் இந்துமதிதான் சொன்னாள்: "வைங்க மதினி. ஆட்டம் பாதியில நிக்கி. யாரு ஜெயிச்சான்னு தெரியாம நான் எப்படி அங்கன வந்து நிமிந்து நடக்க?"

இருவரும் வைத்தார்கள். யார் நம்பரைப் போடுவது என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. அவளே போடட்டும் என்று செல்வலட்சுமி காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. போனால் போகட்டும் என்று பெட்டியைக் கொண்டு நம்பரைப் போட்டாள். எங்கேஜ்டு. மறுபடி போட்டாள். எங்கேஜ்டு. உடன்குடியில் இந்துமதியும் அதே வேகத்தில், அதே அவசரத்தில், தூத்துக்குடி நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பதான வச்சோம்?" என்று செல்வலட்சுமி மகனைப் பார்த்தாள். "அதுக்குள்ள யாருகூடப் பேசப் போயிட்டா இவ?"