அலமாரிக் காலடியில் நூற்றாண்டு மலர்

அந்தப் புத்தகத்தின் பச்சை அட்டையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சதுரக் குழி இருக்கிறது. கட்டைவிரலை வைத்தால் நகம் மறைகிற ஆழம். திண்டிவனத்தில் நாங்கள் போய்வரும் நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் அது இப்போது மரியாதையாக நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் எலி கடித்ததா, கரையான் அரித்ததா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, நான்தான். இதைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் எங்கள் நூலகர் அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் அயோக்கியத்தனத்தில் தொடங்காமல் வேறு வழியில்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியிருந்தால் இதையே இன்னும் கொஞ்சம் புரியாதபடி எழுதியிருப்பேன்.

விழுப்புரம் தனி மாவட்டமான அந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் நான் மீன்பாடி வண்டி மிதித்துக்கொண்டிருந்தேன். நூலகம் பழைய வாடகைக் கட்டடத்திலிருந்து இப்போதிருக்கும் கட்டடத்துக்கு மாறியபோது புத்தகம் ஏற்றி இறக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நூலகர் அம்மா அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் வயதுதான் இருக்கும். என்னை “வண்டிக்காரரே” என்று கூப்பிட்டு ‘வாங்க, போங்க’ போட்டுப் பேசினார். அதற்கு முன் என்னிடம் அப்படிப் பேசியது கோர்ட்டு அமீனா ஒருவர்தான், அதுவும் வீடு தெரியாமல் வழி கேட்டபோது.

கடைசி நடையில் பெரிய மர அலமாரி வந்தது. தரை சரியில்லை. சுவரோரப் பின்னங்கால் ஒன்று தூக்கிக்கொண்டு, அலமாரி குடித்தவன் மாதிரி ஆடியது. அம்மா வாசலில் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். பிரிந்து கிடந்த கட்டின் மேலே தடியாக, கெட்டி அட்டையோடு ஒரு புத்தகம். இத்தனை தடியானதை எவன் எடுத்துப் படிக்கப்போகிறான் என்று நானே தீர்ப்பு எழுதி, காலுக்கடியில் செருகினேன். அலமாரி போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. உள்ளே வந்த அம்மா, சுவரோரக் கால் கண்ணில் படாமல், அலமாரியை மட்டும் பார்த்து, “ஆடாம நிக்குதே. நல்ல வேலைக்காரர் நீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக மார்க்கெட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நடுவில் அவர் விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போனார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது திரும்பி வந்தார். அதற்குள் நான் லோடு ஆட்டோக்காரனாகி, வண்டியை நூலகத்து வேப்பமரத்தடியில் நிறுத்திச் சவாரிக்குக் காத்திருப்பேன். காத்திருக்கும் நேரத்தில் உள்ளே போய்ப் படம் போட்ட பத்திரிகைகளைப் புரட்டுவேன். அம்மா வந்த கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக ஒரு வேலை தொடங்கினார். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று. அதில் எழுதுகிற தன்னார்வலர்கள் இரண்டு பேர் புதுச்சேரியிலிருந்து வந்து, நூலகக் கணினியில் வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் போன பிறகு தட்டச்சு செய்யும் பொறுப்பை ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். ஒற்றை விரலால், கடிதத்துக்கு முத்திரை குத்துகிற வேகத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்துவார்.

“மேடம், யார் வேணா எழுதலாமாமே. நம்ம ஊரு பெரிய மனுஷங்க பேரு போட்ற எடத்துல என் பேரையும் ஒண்ணு சேத்துக்கங்க” என்றேன்.

“சேத்துக்கலாம்டா. அதுக்கு மொதல்ல நீ எதுனா ஒரு நல்ல காரியம் பண்ணணும். நாங்க காத்துக்கினு இருக்கோம்” என்றார் தபால்காரர்.

அம்மா முதலில் எழுத எடுத்துக்கொண்டது மரக்காணம் சாலையில் இருந்த ஒரு சுமைதாங்கிக் கல்லைப் பற்றி. இரண்டு கல்லை நட்டு, தலை உயரத்தில் மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். உப்பு மூட்டை சுமந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் அந்தக் கல்லை வைப்பது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, நாலு பேர் சுமை இறக்கினால் ஆறும் என்று ஒரு நம்பிக்கை. சாலையை அகலப்படுத்தியபோது இந்தக் கல்லை உடைத்துச் சரளையோடு சரளையாகப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை என்று அம்மா கட்டுரையில் எழுதியிருந்தார்.

இரண்டாவது வாரமே கட்டுரைக்கு மேலே ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. எங்கேயோ இருக்கிற இன்னொரு தன்னார்வலர் போட்டது. பெயருக்குச் சான்று இல்லை, வரும் சனிக்கிழமைக்குள் தராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று பணிவாகத்தான் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

“அந்தாளு வந்து பாத்தாரா மேடம்? நான் பாத்தன். மரக்காணத்துலேந்து உப்பு ஏத்திக்கினு வரப்போ அங்கதான் வண்டிய நிறுத்துவேன். என்னியே சாட்சியா போட்டுக்கங்க. கோர்ட்டுலயே என் சாட்சி செல்லும்.”

“கல்லப் பாத்தீங்க. பேரப் பாத்தீங்களா?”

“பேரு தேஞ்சி பூட்டிருந்துச்சி. தேயாம இருந்தாலும் நான் படிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிருக்கும்.”

அம்மா சிரித்துவிட்டார். “நான் படிச்சிருக்கேங்க. நாம இடம் மாறினதுக்கு முந்தின வாரம் ஒரு ஸ்கூலோட நூற்றாண்டு மலர் வந்துச்சு. பதிவேட்டுல ஏத்தும்போது புரட்டினேன். அதுல இந்தப் பேரு இருந்துச்சு. அன்னைலேந்து மறக்கல. ஆனா என் ஞாபகமும் இங்க செல்லாது. அது சரிதான். நம்மளத் தெரியாதவங்களும் எடுத்துப் பாக்குற மாதிரி ஒரு பக்கம் வேணும்.”

“இன்னா மேடம் இது பேஜாரு. ‘ஒரு பெண்’ணுன்னு மாத்திட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க” என்றார் தபால்காரர்.

“வயித்துல புள்ளையோட போனவ. கல்லும் போயிடுச்சு. பேராவது இருக்கட்டுங்க” என்றார் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தபால்காரர் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

இரவல் போகாத புத்தகம், பதிவேட்டில் எண் இருக்கிறது, அடுக்கில் மட்டும் இல்லை. அம்மா தாவணி முனையைச் செருகுகிற பெண்பிள்ளை மாதிரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி அடுக்கு அடுக்காகத் தேடினார். செவ்வாய்க்கிழமை நானும் தேடப் போனேன். “எப்டி இருக்கும் மேடம்?” என்று கேட்டேன். “பச்சை அட்டைங்க. நல்லாத் தடியா இருக்கும்” என்றார்.

என் கண் தானாகவே அந்தப் பழைய மர அலமாரியின் பின்னங்காலுக்குப் போய் வந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல வேலைக்காரர் என்கிற ஒரே ஒரு பட்டம்தான் நான் வாழ்க்கையில் வாங்கியது. அதையும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. புதன்கிழமை நூலகத்துப் பக்கமே போகாமல் மயிலத்துக்குச் சவாரி தேடி ஓடினேன். வியாழக்கிழமை வந்து பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்து, பழைய நாளிதழ் கட்டுகளைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முழங்கையெல்லாம் தூசி. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை கெடு.

“மேடம், அந்தப் புக்கு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

“எங்க?”

நான் அலமாரியின் பின்னங்காலைக் காட்டினேன். தபால்காரர் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்து, “அடப் பாவி! அட்ரஸே இல்லாத லெட்டரக்கூட நான் கண்டுபுடிச்சிருக்கேன். இத எவன்டா கண்டுபுடிப்பான்?” என்றார்.

அலமாரியைக் காலி செய்யாமல் அசைக்க முடியாது. நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர்கள், பரீட்சைக்குப் படிக்க வந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று புத்தகங்களைக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். “ஜல்தி, ஜல்தி” என்று நான்தான் அதிகாரம் பண்ணினேன். குற்றவாளிக்குத்தான் எப்போதும் அவசரம். கடைசியில் முதுகைக் கொடுத்து மூலையைத் தூக்கினேன். தபால்காரர் உருவினார்.

அட்டையில் அந்தக் குழி. அம்மா மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தாளுக்குத் தாள் குழி தொடர்ந்தது. போகப்போக ஆழம் குறைந்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தோடு நின்றது. அஞ்சலை நாற்பத்து மூன்றில் இருந்தாள். உப்பு வியாபாரி ஒருவர், தலைச்சன் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன மனைவி அஞ்சலைக்காக நிறுத்திய கல் என்று இரண்டே வரி. அம்மா அதை உரக்கப் படித்தார்.

திட்டு விழும் என்று நின்றேன். அம்மா அட்டையைத் துடைத்துக்கொண்டே, “இந்த லைப்ரரியிலயே ரொம்ப உழைச்ச புஸ்தகம் இதுதாங்க” என்றார். பிறகு பக்க எண்ணைச் சொல்லச் சொல்லத் தபால்காரர் குத்தினார். கடைசியாகச் சேமிக்கும் பொத்தானை என்னை அழுத்தச் சொன்னார்கள். கையைச் சட்டையில் துடைத்தேன், சட்டை அழுக்காக இருந்ததால் கை இன்னும் அழுக்கானது, அப்படியே அழுத்தினேன். மேலே உட்கார்ந்திருந்த அறிவிப்பு மறுநாளே எழுந்து போய்விட்டது. அதைப் போட்டவரே எடுத்து, நன்றி என்றும் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா அந்த வேலையைத் திருப்பிப் போட்டார். உங்களுக்கு எந்தச் செய்திக்குச் சான்று கிடைக்கவில்லையோ எழுதுங்கள், எங்கள் அடுக்கில் தேடித் தருகிறோம் என்று தன்னார்வலர்களுக்குச் சொல்லியனுப்பினார். எங்கெங்கிருந்தோ கேள்விகள் வந்தன. கண்டாச்சிபுரம் சந்தை பற்றி, இரும்பை என்கிற ஊரின் கோயில் பற்றி. ஏணியில் ஏறிப் புத்தகம் எடுக்கும் உத்தியோகம் எனக்கு. இல்லாத பக்கத்தை இருக்கிறது என்று அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கிடைக்கவில்லை என்று எழுத நேர்ந்தால் அதையும் ஒரு புத்தகத்தைக் கொடுக்கிற மாதிரி கவனமாக எழுதுவார். கடைசி வேலை நாளிலும் இரண்டு கேள்விக்குப் பக்கம் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு நூலகத்துக்கு வெள்ளை அடித்தார்கள். அலமாரிகளை நகர்த்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பழைய மர அலமாரி புது இடத்திலும் ஆடியது. வெள்ளையடிக்க வந்தவர் பக்கத்து அடுக்கிலிருந்து தடியாக ஒன்றை உருவி நீட்டினார். “இத வெச்சி முட்டு குடுங்கண்ணா. எவனும் தொட்றதில்ல போல, தூசியப் பாருங்க.”

வாங்கித் தூசியைத் தட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்து பச்சை அட்டைக் குழியில் ஒரு தடவை கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து வந்தேன். அதிலும் யார் பெயராவது இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் காலுக்கடியில் வைத்தேன்.