மாத்திரைக்கு விட்ட லீவு

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே டப்பா. காலையில் கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்ததும் நான் ஒரு மாத்திரையை விழுங்குவேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி பண்ணைப் பக்கம் போய்விடுவார். எச்.ஐ.வி. என்ற சொல்லை வீட்டுக்குள் நாங்கள் சொல்வதில்லை. அது அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதற்குப் போட வேண்டிய சண்டையை எல்லாம் எப்போதோ போட்டு முடித்துவிட்டேன். நாமக்கல்லில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று மாத்திரை வாங்கச் சேலத்துக்குப் பஸ் ஏறுவோம்.

போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவர் ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. "மாத்திரை நடுவுல விட்டுப்போகுதா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டார், அதுவும் பெருமையாக.

"உட்டுப்போகலீங்க. நானாத்தான் லீவு உடறனுங்க. ஒரே மருந்தக் குடுத்துட்டே இருந்தா கிருமிக்குப் பழகிப்போயிருமுங்க. பண்ணையில கோழிக்கு மருந்து குடுக்கறப்ப பாத்திருக்கனுங்க. அதான் அப்பப்ப ஒரு வாரம் நிறுத்தீருவேன்."

"அந்த மாத்திரையெல்லாம் எங்கீங்க?" என்றேன்.

"எருக்குழியில போட்டுட்டேன்" என்றார்.

அந்த இடத்திலேயே நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அந்தக் கிருமி ஒண்ணு பத்தாகுறப்ப எல்லாம் தப்புத்தப்பாத்தான் பெருகும்" என்றார். "அதுல சிலது வேற மாதிரி இருக்கும். உடம்பு அடையாளம் கண்டு கொல்ல வர்றப்ப, அந்த வேற மாதிரி இருக்கிறது தப்பிச்சுப் பெருகிடும். உடம்பு அதையும் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அடுத்த தினுசு வந்துரும். அதனாலதான் இதுக்குத் தடுப்பூசி போட முடியல. தினமும் மாத்திரை போட்டா அது பெருகவே முடியாது. நீங்க லீவு விட்டப்ப அது பெருகியிருக்கு. அரைகுறையா மருந்து இருக்கிறப்ப, மருந்துக்குச் சாகாததுதான் மிஞ்சியிருக்கும்."

மருந்து இன்னும் கேட்குமா என்று நான்தான் கேட்டேன். கொஞ்ச மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

அதன் பிறகு தினமும் அவர் மாத்திரை போட்டதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு லேசாக இருமல் வந்தாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் அவர் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன்.

மறு பரிசோதனையிலும் கிருமி இறங்கவில்லை. இன்னொரு பரிசோதனையும் செய்தார்கள். பழைய மருந்து இனி அவருக்குக் கேட்காது என்று முடிவு வந்தது. வேறு மாத்திரை எழுதினார்கள். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பழைய மாத்திரையே போதும். ஆனா ஆணுறை இல்லாம இருக்காதீங்க. அவருகிட்ட இருக்கிறது இப்ப மாறிப்போச்சு. அது உங்களுக்கும் வந்துரக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் கொடுத்த கிருமிதான் எனக்குள் இருந்தது. என் உடம்பில் அது அடங்கிக் கிடந்தது. அவர் உடம்பில் வேறாக மாறிவிட்டது.

மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் அவர் கை என் டப்பாவுக்குள் போனது. தட்டிவிட்டேன்.

"அது உங்களுக்குக் கேக்காதுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே மேசைமேல் வைத்துக்கொண்டு, "உனக்குக் கேக்குதில்ல கண்ணு?" என்றார்.