சர்க்கரை டப்பாவின் மூடி

எழுபது வயதுக்கு மேல் எனக்கு மூட்டுவாதம் வந்ததும் எங்கள் ஸ்ரீவராகம் தெருவே வைத்தியராகிவிட்டது. "இந்தத் தைலம் தேச்சு நோக்குங்கோ மாமி, சுகமாகும் கேட்டேளா" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதைத் தேய்த்தாலும் காலையில் விரல் மடங்காது.

போதாக்குறைக்கு என் கணவர். எறும்புக்குப் பயந்து, படுக்கும்முன் சர்க்கரை டப்பாவை முழு பலத்தோடு இறுக்கி மூடுவார். விடிந்ததும் என்னால் திறக்க முடியாது. காப்பி போட அவரையே எழுப்ப வேண்டும். ஒருநாள் டப்பாவை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"எறும்பைத் தடுக்கறேன்னு என்னைத்தானே தடுக்கறேள்!"

அவர் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மூடி டப்பாமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. நானே காப்பி போட்டேன். அவர் டம்ளரில் எறும்புகள் மிதந்தன. விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

"எறும்பு கண்ணுக்கு நல்லதாக்கும்."

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"உன் கை சுகமாகற வரைக்கும்."

கை இன்னும் சுகமாகவில்லை. எறும்புத் தொல்லையும் தாங்கவில்லை. ஆனால் அவர் இன்றுவரை மூடியை இறுக்கவில்லை. விரல் மடங்காத காலையிலும், அது திறக்கும் என்று தெரிந்துதான் எழுந்திருக்கிறேன்.