எட்டு ஏழான நாள்

நேற்று அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் எண்ணிட்டு அடித்த ஒரு பந்தியை அழித்தேன். கீழே இருந்த பந்திகளின் எண்களெல்லாம் தாமாகவே ஒரு படி ஏறி உட்கார்ந்துகொண்டன. பக்கத்துக் கதிரையில் இருந்தவள், "எவ்வளவு லேசு" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்று கேளுங்கள்.

என் முதல் வேலை கண்டியில், யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடம், வழக்குக் கடதாசிகள் அடிப்பது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்து, பிறகு வெள்ளையடித்த மாடி. மழை பெய்தால் சுவரில் கரி மணக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். கம்ப்யூட்டரையே எண் போடவைக்கும் வித்தை அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கால் தரையில் படவில்லை.

நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் கண்முன்னே மகனைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் சொன்னதை நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசியாக ஆங்கிலத்தில் அடித்து, தமிழில் எண் சொல்லி வாசித்தும் காட்டினேன். பதினொரு பந்தி. மகனை அடித்ததையும், அவன் காதில் இரத்தம் வடிந்ததைத் தான் பார்த்ததையும் அவர் சொன்னது ஏழாவது.

மறுநாள் காலை சட்டத்தரணி சேர் அந்தப் பந்தியைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். "உது வேண்டாம் பிள்ளை. நாங்கள் இந்த ஊரிலைதான் இருக்கவேணும்."

அழித்தேன். எட்டு ஏழானது. ஓர் இடைவெளிகூட இல்லை. பழைய தட்டச்சு என்றால் முழுவதையும் திரும்ப அடித்திருக்க வேண்டும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கும்.

மதியம் அம்மா கைநாட்டு வைக்க வந்தார். "நேற்று வாசிச்சதுதான், வையுங்கோ" என்றார் சேர். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எழுதும் எண்ணைத் தினமும் சரிபார்ப்பவர். மை தொட்ட விரலோடு தாளின் ஓரத்தைப் பார்த்தார்.

"பத்துதானே இருக்கு. நேத்து பதினொண்ணுன்னு வாசிச்சீங்க."

"வரிசையாத்தானே இருக்கு. ஒண்டும் குறையேல்லை." சேர் ஒன்றிலிருந்து பத்துவரை தொட்டுக் காட்டினார். நான் பெருமைப்பட்ட வரிசை அவர் பொய்க்குச் சாட்சி சொன்னது.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயும் தோட்டத்துப் புள்ளதானே. சொல்லு பாப்பா."

"ஏழாவத எடுத்துட்டாங்கம்மா. அடிச்சத."

அவர் விரலைச் சேலையில் துடைத்தார். "அப்ப இது நான் சொன்னது இல்லீங்க." படியிறங்கிப் போய்விட்டார். மாலையில் என்னை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

அந்த மகன் திரும்பினானா, தெரியாது. மாடியும் இன்று இல்லை. கம்ப்யூட்டரில் பதினொன்றாக அடித்ததன் மேலேயே பத்தாக்கியதைச் சேமித்ததில் பழையது அழிந்துபோனது. அந்த அடியைப் பற்றி அன்று எழுத்தில் என் கையில் இருந்தது அந்த ஏழாவது பந்தி ஒன்றுதான். வெட்டச் சொன்னவர் அவர், அழித்தவள் நான்.