மாத்திரைமேல் போட்ட பழி

செல்வப்பிரியாவின் மகள் தன்விகாவுக்கு ஐந்து வயது. தலையோ ஒரு வயதுக் குழந்தையின் தலையைவிடச் சிறியது. நடப்பாள், சிரிப்பாள், பேச்சு நான்கைந்து சொற்கள்தான். பெருமாட்டி ஊரில் இருந்த புகுந்த வீட்டார் அவள் பிறந்த வாரமே காரணம் சொல்லிவிட்டார்கள்: கர்ப்பத்தில் காய்ச்சலுக்கு செல்வப்பிரியா சாப்பிட்ட மாத்திரை. மாமியார் அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். செல்வப்பிரியாவும் நம்பினாள்.

திருச்சூரில் மரபணு டாக்டர் ஜோமோள் பரிசோதனை முடிவைப் பிரித்தார்.

"மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மூளை வளர்றதுக்கு வேண்டிய ஒரு ஜீன்ல பழுது. அந்த ஜீன் எல்லாருக்கும் ரெண்டு இருக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. குழந்தைக்கு ரெண்டும் பழுதா வந்திருக்கு. சொந்தத்துல கல்யாணம்தானே? முன்ன யாருக்காவது இப்படி இருந்ததா?"

"இல்லீங்க டாக்டர்" என்றான் கணவன் நவீன்குமார்.

மறுநாள் செல்வப்பிரியா கொழிஞ்சாம்பாறைக்கு, தாய் முத்தாத்தாளிடம் ஓடினாள். மாமனார் சென்னியப்பன் முத்தாத்தாளின் அண்ணன்.

"அம்மா, எம்மேல தப்பில்லையாம்!"

"அது எனக்குத் தெரியும் கண்ணு."

"எப்படித் தெரியும்?"

முத்தாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கண்ணனுக்கு மூத்தது ஒரு புள்ள. தலை இப்படித்தான். ஒம்பது வயசுல போயிட்டா. வெளியே சொன்னா ஊட்டுக்குப் பொண்ணு வராதுன்னு..."

"தன்விகா அப்பாவுக்குத் தெரியுமா?"

"அக்காளைத் தூக்கிட்டுத் திரிஞ்சதே அவந்தானே."

வீட்டுக்கு வந்து கேட்டபோது நவீன்குமார் மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீ என்னையக் கட்டியிருப்பியா?" என்றான்.

அந்த மாதமே அவன் தம்பி கௌசிக்குக்கும் செல்வப்பிரியாவின் தங்கை ஆர்த்திக்கும் நிச்சயதார்த்தம். இரண்டு குடும்பமும் கூடியிருந்த கூடத்தில் செல்வப்பிரியா தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ரெண்டு பேரும் ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

"குடும்ப மானத்தை வாங்கிட்டியே!" என்று சென்னியப்பன் கத்தினார்.

"ஊட்டுல ஒரு புள்ள பொறந்து செத்துதுங்க மாமா. அதுல என்னங்க மானம் போச்சு? அவ பேரு என்னங்க?"

கடைசியில் மாமியார்தான், "கோகிலா" என்றாள். சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் மாத்திரையைச் சொல்லி ஏசிய அதே வாய். செல்வப்பிரியாவுக்கு இரக்கம் வரவில்லை.

ஆர்த்தி பூமாலையைக் கழற்றி வைத்துவிட்டாள். கல்யாணம் நின்றது. முத்தாத்தாள் மூத்த மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

செல்வப்பிரியா பெருமாட்டியிலேயே இருக்கிறாள். தன்விகாவைத் தூக்கிக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போகிறவன் நவீன்குமார்தான். அதில் குறை வைப்பதில்லை. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு என்று அவன் சொன்னால்கூட, அவள் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறாள்.